குயவரும் ஆசிரியரும் ஒரே வகுப்பறையில்: பள்ளியில் மண்கலை கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கைவினைக் கலைஞர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தால் நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குயவர் சக்கரத்தோடு வருவார். நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பத்து நிமிடத்தில் ஒரு பானை எழும்பும், கைதட்டல் கிடைக்கும். முன்வரிசையில் இடம் பிடித்த நான்கு பேர் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு பொன்னாடை, குழுப்படம், வாட்ஸ்அப். குயவர் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார். பிள்ளைகளுக்கு ஒரு மதியம் ஜாலியாகப் போனது, கற்றது ஒன்றுமில்லை.

இங்கே சொல்லப்போவது வேறு வகையான ஏற்பாடு. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு, ஏழெட்டு வாரங்களில் பரவிய ஆறு அமர்வுகளும் ஒரு சூளை நாளும். குயவரும் ஆசிரியரும் இரண்டு பேருமே கற்பிப்பார்கள், ஆனால் ஒரே வேலையைச் செய்ய மாட்டார்கள். மண்பாண்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மண் மலிவு, தப்பாகப் போனால் நனைத்து மறுபடி பிசையலாம், தமிழ்நாட்டில் சூளை இல்லாத மாவட்டத்தைக் காண்பது அரிது. மானாமதுரைபோல் புவிசார் குறியீடு பெற்ற ஊர்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாரச்சந்தையில் சட்டி விற்கும் அம்மாவின் வீட்டுச் சூளையே போதும்.

தொடங்கும் முன்: குலக்கல்விக் கேள்வி

தமிழ்நாட்டில் பள்ளிக்குள் கைத்தொழிலைக் கொண்டுவரும் எவரும் 1953ஐத் தாண்டித்தான் வர வேண்டும். ராஜாஜி முதல்வராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராஜர் முதல்வரான பின் கைவிடப்பட்டது. அந்த நினைவு இன்னும் உயிரோடிருக்கிறது, இருக்கவும் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து, "பானை செய்யவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று கேட்டால் அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். நியாயமான கேள்வி அது.

அதற்குப் பதில் நீங்கள் வகுப்பை நடத்தும் முறையிலேயே இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் செய்வார்கள். மண் மிதிப்பது, தண்ணீர் சுமப்பது, தரை துடைப்பது எல்லாம் முறை வைத்து நடக்கும். வகுப்பில் குயவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அவனை எழுப்பி நிறுத்தி, "இவனுக்கு இது ரத்தத்திலேயே ஊறியது" என்று சொல்லாதீர்கள். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்வோம். அவனுக்கு அது சாதியைப் பலகையில் எழுதி மாட்டியதாக இருக்கும். அவனை உதவியாளாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்களைப்போல் அவனும் ஒரு மாணவன்.

இன்னொன்று, வருபவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது. வயதில் மூத்த கைவினைஞரை ஊரில் சிறு பிள்ளைகள்கூட "வா, போ" என்று பேசும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பள்ளி வாசலுக்குள் அது நுழையக் கூடாது. ஐயா, அம்மா, அல்லது பிள்ளைகள் உங்களைக் கூப்பிடுவதுபோலவே சார், டீச்சர். ஆசிரியர் அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி, எல்லோரும் குடிக்கும் அதே டம்ளரில் தேநீர். இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். எழுத வேண்டித்தான் இருக்கிறது.

ஆளைத் தேடுவது

இணையத்தில் தேடாதீர்கள். சந்தையில் பொங்கல் பானை யாரிடமிருந்து வருகிறது, ஊர்க்கோயில் அய்யனாருக்குக் குதிரை செய்தவர் யார் என்று கேளுங்கள். மாவட்டத் தொழில் மையம், கதர் கிராமத் தொழில் வாரியம், அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் விற்பனை நிலையம் ஆகியவற்றில் கேட்டாலும் பெயர்கள் கிடைக்கும். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை அவரிடம் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காகத் திறமை குறைந்துவிடாது. பல நல்ல கைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நன்றாகப் பேசுபவரைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். மேடையில் சரளமாகப் பேசும் சிலர் பிள்ளைகளிடம் பொறுமையில்லாமல் இருப்பார்கள். அவருடைய பட்டறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, தன்னிடம் வேலை பழகும் இளைஞரை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். கோணிப்போன சட்டியைக் கையிலிருந்து பிடுங்குகிறாரா, இன்னொரு உருண்டையைத் தருகிறாரா? அதைப் பார்த்தாலே முடிவு எடுத்துவிடலாம்.

பெண்களையும் அழையுங்கள். குயவர் வீடுகளில் சக்கரத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண்; மண் பதப்படுத்துவது, பாண்டங்களுக்கு மெருகிடுவது, உலர்த்துவது எனப் பாதிக்கு மேற்பட்ட வேலை பெண்கள் கையில். சக்கரத்தை மட்டும் கலை என்று காட்டினால் பிள்ளைகள் பாதிக் கதையைத்தான் கற்பார்கள். கணவன் மனைவி இருவரும் வந்தால் இருவருக்கும் தனித்தனி ஊதியம்.

முதல் மாணவர் ஆசிரியர்தான்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை முழுவதும் பட்டறையில் இருங்கள். பார்க்க அல்ல, செய்ய. மண்ணை மிதியுங்கள், பிசையுங்கள், ஒரு கிண்ணம் கிள்ளிப் பாருங்கள். உங்கள் விரல் எங்கே அழுத்தமாகிறது, விளிம்பு எப்போது வெடிக்கிறது என்று உங்கள் கைக்கே தெரிந்தால்தான் பிள்ளை தடுமாறும் இடம் உங்கள் கண்ணில் படும்.

அங்கே கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று உண்டு. குயவர் கைக்குத் தெரிந்தது பலவும் அவர் வாயில் வராது. மண் பிசையும்போது ஓரிடத்தில் நிறுத்துவார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் ஒரு கணம் யோசித்து, "போதும், பதம் வந்துவிட்டது" என்பார். எப்படித் தெரிந்தது என்று இன்னொரு முறை கேட்டால், உருண்டையை இரண்டாக அறுத்துக் காட்டுவார்: வெட்டிய முகத்தில் காற்றுக்குழி இல்லை, இரண்டு நிறக் கோடு இல்லை. இப்போது அது பாடமாகிவிட்டது. நாற்பது பேரும் தங்கள் உருண்டையை நூலால் அறுத்துச் சோதிக்கலாம்.

இரண்டு பேர் சேர்ந்து கற்பிப்பதன் பொருளே இதுதான். குயவர் செய்து காட்டுவார், ஆசிரியர் கேட்பார். விளக்கம் சொல்வது ஆசிரியரின் வேலை அல்ல. வகுப்பில் அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று, "அவர் இப்போது என்ன செய்கிறார் என்றால்..." என்று வர்ணனை கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் முன்னிலையிலேயே அவரிடம் கேளுங்கள்: ஐயா, இப்போது ஏன் கையை நனைத்தீர்கள்? அடிப்பக்கத்தை ஏன் கனமாக விட்டீர்கள்? இந்த மண்ணில் மணல் குறைந்தால் என்ன ஆகும்? இரண்டாம் அமர்வில் பிள்ளைகளே இப்படிக் கேட்கத் தொடங்குவார்கள்.

பட்டறை நாளில் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே எழுதுங்கள். கருவிக்கும் மண் பதத்துக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். பாடநூல் சொல்லை அவர்மேல் ஏற்றாமல் அவர் சொல்லையே கரும்பலகையில் எழுதுங்கள்.

பணம்

இதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். பொன்னாடை போர்த்திக்கொண்டு யாரும் மளிகைக் கடைக்குப் போக முடியாது.

ஒரு நாள் வேலை விட்டால் அவருக்கு எவ்வளவு போகும் என்று நேராகக் கேளுங்கள். அதற்குக் குறையாமல் ஒரு தொகை, போக்குவரத்து தனி, மண்ணுக்கும் விறகுக்கும் தனி. மண் பதப்படுத்தும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டியை உடைத்து, ஊறவைத்து, கல் பொறுக்கி, மணல் கலந்து மிதித்து, பிசைந்து தருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அது பள்ளியில் யார் கண்ணிலும் படாத உழைப்பு. மண்ணை 'சும்மா கிடைப்பது' என்று நினைக்காதீர்கள். ஏரி, குளங்களில் களிமண் எடுக்க மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியரிடமே அனுமதி பெறும் எளிய நடைமுறை 2024இல்தான் வந்தது. நல்ல மண் கிடைப்பது இன்றும் பெரும்பாடு.

பணம் எங்கிருந்து? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைத்து நிறைவேற்றுங்கள். முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள் கொடுப்பார்கள். அரசுப் பள்ளிகளுக்கு 2022இல் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' நன்கொடைத் திட்டம் வழியாகவும் கேட்டுப் பார்க்கலாம், நேரம் பிடிக்கும். எந்த வழியானாலும், ஒவ்வோர் அமர்வும் முடிந்த அன்றே பணம் கையில் போய்ச் சேர வேண்டும். தினக்கூலிக் கணக்கில் வாழும் வீட்டுக்கு "பில் பாஸ் ஆகட்டும்" என்பது பதில் ஆகாது.

எந்த மாதம்

பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்தால் கவிழ்ந்துவிடும். குயவரின் ஆண்டைப் பாருங்கள். ஆடி பிறந்தால் விநாயகர் சதுர்த்தி வேலை மெல்லத் தொடங்கும், பின்னாலேயே நவராத்திரி பொம்மைகள், கார்த்திகை அகல்விளக்குகள். மார்கழி முழுக்கப் பொங்கல் பானையும் அடுப்பும். மாசிக்குப் பிறகு தண்ணீர்ப் பானை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்த நாட்களில் அவருக்கு வேலை ஓடாது. அரசே அந்தப் பருவத்துக்கு நிவாரணத் தொகை தருகிறது. அப்படியானால் மழைக்காலம் நமக்கு வசதிதானே என்று தோன்றும். இல்லை. மண் காயாது, சூளை மூட்ட முடியாது. பிள்ளைகள் செய்தது வாரக்கணக்கில் ஈரமாகக் கிடந்து பூஞ்சை பிடிக்கும்.

ஆகவே ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரைதான் தோது. புதிய வகுப்பு அப்போதுதான் அமைந்திருக்கும், காலாண்டுத் தேர்வு தொலைவில் இருக்கும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமாக இருந்தால் ஊர்க்கோயில் புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண் குதிரைகளைச் சுமந்துசெல்லும் திருவிழா, எப்போது என்று முதலில் விசாரியுங்கள். அந்த நாட்களில் அவர் கிடைக்க மாட்டார். ஆனால் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனால் எந்த வகுப்பறையும் தராத ஒன்றைப் பார்ப்பார்கள்.

நேரம் இன்னொரு சிக்கல். நாற்பது நிமிடப் பாடவேளையில் மண்ணை எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கேளுங்கள், அதுவும் மதிய உணவு இடைவேளைக்கு முன்னால். கழுவித் துடைக்க அந்த இடைவேளை கைகொடுக்கும். 2012இல் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேர் அமர்த்தப்பட்டபோது வாரத்துக்கு மூன்று அரைநாள் என்றுதான் வேலை வகுக்கப்பட்டது. உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் அந்த வகை என்றால் அமர்வுகளை அவர் வரும் நாட்களோடு பொருத்துங்கள். அவர் இல்லாத நாளில் கணக்கு ஆசிரியரைக் காவலுக்கு நிறுத்தி நடத்துவது கூட்டுக் கற்பித்தல் அல்ல.

இடமும் பொருளும்

மரத்தடியோ வராந்தாவோ போதும். தரையில் கோணிச் சாக்கு விரியுங்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் அமர்வுக்கு அரைக் கிலோ பதப்படுத்திய மண் என்று கணக்கிட்டு, கால்பங்கு கூடுதலாக வையுங்கள். நாற்பது பேருக்கு 25 கிலோ. பிள்ளைகள் மண் குதிரை செய்யும் நான்காம், ஐந்தாம் அமர்வுகளுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு. பிளாஸ்டிக் தாள், பழைய வேட்டித் துணி, அறுக்க நைலான் நூல், கீறுவதற்குத் தென்னை ஈர்க்கு, நான்கு வாளி.

வாளி நான்கு எதற்கு என்றால், மண் கையைக் குழாயடியில் கழுவக் கூடாது. களிமண் வடிகாலை அடைத்துவிடும். அடுத்த ஆண்டு தலைமை ஆசிரியர் அனுமதி மறுக்க அந்த ஒரு காரணமே போதும். முதல் வாளியில் முக்கி, அடுத்தவற்றில் அலசி, பிறகு குழாய்க்குப் போகலாம். மறுநாள் தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் படிந்ததை மண்ணோடு சேர்த்துவிடலாம். காய்ந்த மண் தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது; ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆறு அமர்வுகள்

முதல் அமர்வு மண்ணோடு முடியட்டும், பொருள் எதுவும் செய்ய வேண்டாம். பிள்ளைகள் முந்தின நாளே தங்கள் தெருவிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவரட்டும்: செம்மண், கரிசல், ஆற்று மணல், குளத்து வண்டல். ஒவ்வொன்றையும் நனைத்துத் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பார்ப்பார்கள். எது உடைகிறது, எது வெடிக்கிறது, எது வளைகிறது? இதன் பிறகுதான் குயவர் தன் மண்ணை எடுத்து வைப்பார். அமர்வு முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு தட்டையான மண் வில்லை செய்து, அதில் அளவுகோல் வைத்துச் சரியாக 10 செ.மீ. கோடு கீற வேண்டும். தேதியும் போட்டு நிழலில் வைத்துவிடுங்கள். அந்த வில்லைக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

இரண்டாவது, கிள்ளிச் செய்யும் கிண்ணம். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை, நடுவில் கட்டைவிரல், சுற்றிக்கொண்டே மெல்லக் கிள்ளுவது. விளிம்பு வெடிக்கும், எல்லோருக்கும் வெடிக்கும். இங்கேதான் குயவரோடு முன்கூட்டியே செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் தேவைப்படும். வெடித்த கிண்ணத்தைக் கண்டால் அவர் கை தானாக நீளும். மூன்று நொடியில் சரிசெய்து திருப்பித் தருவார். பிள்ளை நன்றி சொல்லும். அதோடு அது அவர் கிண்ணமாகிவிட்டது. பிள்ளையின் பொருளைத் தொடக் கூடாது, பக்கத்தில் தன்னுடைய உருண்டையில் செய்து காட்ட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இது அவருக்குக் கடினம், உங்களுக்கும்தான். அழகாக இருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது என்ற இரண்டு சொற்களையும் நீங்கள் அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சுவர் எங்கே கனம், எங்கே மெலிவு, கை எப்படிப் பிடித்தாய் என்று பேசுங்கள்.

நாற்பது பேரையும் ஒருவர் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. வகுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் குயவரிடம், பாதிப்பேர் உங்களிடம். உங்களிடம் இருப்பவர்கள் சும்மா காத்திருப்பவர்கள் அல்லர். அவர் கைகளை மட்டும் பென்சிலில் வரைவார்கள். முகம் வேண்டாம், பானை வேண்டாம், விரல்கள் நிற்கும் கோணம் மட்டும். வரைந்து பார்த்துவிட்டு மண்ணில் உட்காரும் பிள்ளையின் பிடி வேறு மாதிரி இருக்கும். ஓவிய ஆசிரியரின் பயிற்சிக்கு இங்கே நேரடிப் பயன்.

மூன்றாவது, திரி அடுக்கிக் கட்டுவது. பென்சில் கனத்தில் திரிகள் உருட்டி வட்டமாக அடுக்கி, உள்ளும் புறமும் தேய்த்து இணைப்பார்கள். ஒட்டும் இடங்களில் இருபுறமும் ஈர்க்கால் கீறி, களிக்குழம்பு தடவி அழுத்த வேண்டும். வெறும் ஈரத்தை நம்பி ஒட்டிய கைப்பிடியும் காதும் காயும்போதே விழுந்துவிடும்.

சக்கரம் எப்போது என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு சக்கரம், நாற்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். பத்து நிமிடத்தில் ஒருவராலும் மண்ணை நடுவில் நிறுத்தக்கூட முடியாது. சக்கரத்தைப் பிள்ளைகளைப் பட்டறைக்கு அழைத்துப்போகும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள். அன்று சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு உள்ளே வழுவழுப்பான கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை மூடுவதையும் காட்டச் சொல்லுங்கள். நம் பானைகளின் உருண்ட அடி அப்படித்தான் பிறக்கிறது. சக்கரத்தைவிட அதுதான் பிள்ளைகளை வாய்பிளக்க வைக்கும்.

நான்கும் ஐந்தும் அடுத்தடுத்த நாட்களில் அமைய வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குதிரை. அய்யனார் குதிரை கட்டும் முறையேதான், அளவு மட்டும் சிறியது. முதல் நாள் நான்கு கால்களும் உள்ளே கூடான உருளைகளாக. ஈரத்துணி போர்த்தி இரவு முழுக்க விட்டால் தன் கனத்தையும் மேலே வரும் கனத்தையும் தாங்குமளவு இறுகும். மறுநாள் அதன்மேல் உடல், கழுத்து, தலை. அவசரப்பட்டு முதல் நாளே உடலை ஏற்றிய குழுவின் குதிரை முழங்கால் மடக்கி உட்கார்ந்துவிடும். தடுக்காதீர்கள். கால்களை மறுபடி கட்டக் கூடுதல் மண் இருக்கிறதே.

ஐந்து பேர் வேலையில் ஒருவன் தலைவனாகி நால்வரை மண் உருட்ட வைப்பான். அதை மட்டும் கண்காணியுங்கள். அணிகலன் என்று வரும்போது குயவரின் முறை ஒன்று இருக்கும்: மணி மாலை இப்படி, பிடரி இப்படி. அவர் அதைக் காட்டட்டும், பிள்ளைகள் அதை அப்படியே செய்ய வேண்டியதில்லை. மரபும் பிள்ளையின் விருப்பமும் மோதும் இடத்தில் முடிவைக் குழுவிடம் விட்டுவிடுவதே என் வழக்கம். காதில் ஹெட்போன் மாட்டிய குதிரை ஒன்று எப்படியும் வரும். அய்யனார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறாவது அமர்வு சூளைக்குப் பிறகு. அதை அங்கே சொல்கிறேன்.

காய்தலும் சூளையும்

பிள்ளைகள் செய்தவை நிழலில், காற்றோட்டமாக, குறைந்தது பத்து நாள் காய வேண்டும். ஆர்வக்கோளாறில் வெயிலில் வைத்தால் ஒருபக்கம் சுருங்கிப் பிளக்கும். கட்டைவிரல் கனத்தைவிடத் தடிமனான இடம் எதுவானாலும், பதமாக இருக்கும்போதே உள்ளே குடைந்துவிட வேண்டும். மூடிய கூடு என்றால் ஈர்க்கால் ஒரு துளை.

காரணம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி வழி கிடைக்காமல் வெடிக்கும். வெடிக்கும் பொருள் தனியாகப் போகாது. பக்கத்தில் அடுக்கியிருக்கும் குயவரின் பானைகளையும் நொறுக்கிவிட்டுப் போகும். இதைப் பேசாமல் விட்டால் பின்னால் மனக்கசப்பு வரும். பள்ளிப் பொருட்களைச் சூளையின் ஓரத்திலோ மேலடுக்கிலோ வைப்பதா, அவருடைய சரக்கு உடைந்தால் பள்ளி எவ்வளவு ஈடு கொடுக்கும் என்று முன்பே முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள். சின்னச் சூளை ஒன்றைப் பள்ளிப் பொருளுக்கு மட்டும் மூட்டுவது இன்னும் நல்லது. விறகுச் செலவு கூடும்.

சூளை நாளன்று அடுக்குவதையும், வைக்கோலும் ஓட்டுச் சில்லும் போட்டுச் சேறு பூசி மூடுவதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். தீ மூட்டிய பிறகு தள்ளி நிற்க வேண்டும்; பருத்தி உடை, காலில் செருப்பு, பக்கத்தில் தண்ணீர், பெற்றோரின் ஒப்புதல். முதல் சில மணி நேரம் மெல்லிய சூடுதான். முழுத் தீ பிறகு. ஊர்ச் சூளை 700 முதல் 900 டிகிரி செல்சியஸ்வரை ஏறும். ஏறக்குறைய 500, 600 டிகிரியில் களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறி, மண் திரும்பி வர முடியாத பொருளாக மாறுகிறது. நிரூபிக்க எளிய வழி: காய்ந்த வில்லை ஒன்றையும் சுட்ட வில்லை ஒன்றையும் தண்ணீரில் போடுங்கள். ஒன்று கரைந்துவிடும், மற்றது அப்படியே கிடக்கும்.

இப்போது அந்த 10 செ.மீ. கோட்டுக்கு வருவோம். ஈரத்தில், காய்ந்தபின், சுட்டபின் என்று மூன்று முறை அளந்து அட்டவணை போடச் சொல்லுங்கள். கோடு 9 செ.மீ.யை ஒட்டிச் சுருங்கியிருக்கும். மண்ணுக்கு மண் மாறும். சுருக்கம் பத்து விழுக்காடு என்றால், சுட்டபின் 18 செ.மீ. உயரம் வேண்டிய குதிரையை ஈரத்தில் எவ்வளவு உயரம் செய்ய வேண்டும்? விடை 19.8 என்று பாதி வகுப்பு சொல்லும். 20தான் சரி. ஏன் என்று கணக்கு ஆசிரியர் ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம். குயவர் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே போடுகிறார் என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கு உறைக்கும்.

மற்றப் பாடங்களை வலிந்து இழுக்காதீர்கள், தானாக வருவதை விடாதீர்கள். தண்ணீர்ப் பானை ஏன் குளிர்கிறது என்பது அறிவியல். கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகள் வரலாறு. ஆதன், குவிரன் என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் அங்கே கிடைத்துள்ளன. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் போய்வரும் தொலைவில் இருந்தால், பிள்ளைகள் தங்கள் கிண்ணத்தில் பெயர் கீறியபிறகு அழைத்துப்போங்கள். முன்னால் அல்ல. தமிழ் வகுப்பில் புறநானூற்றின் 256ஆம் பாட்டு இருக்கிறது. கணவனை இழந்தவள் குயவரிடம், தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி, இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். எட்டாம் வகுப்புக்கு அது கனமான பாட்டுதான், ஆனால் மண்ணைப் பிசைந்த கைக்கு 'வனை' என்ற சொல் தனியாக விளங்கும்.

ஆறாம் அமர்வில் சுட்ட பொருட்களின் சாம்பல் துடைத்து, வேண்டுமானால் சுண்ணாம்பும் காவியும் பூசலாம். எனாமல் பெயின்ட் வேண்டாம். சுட்ட மண்ணின் நிறத்தை மறைப்பதற்கா இவ்வளவு பாடுபட்டோம்? உடைந்தவற்றை ஒளித்துவைக்காதீர்கள். மேசையில் வரிசையாக வையுங்கள். எங்கே உடைந்தது, காற்றுக்குழியா, கனமா, ஒட்டுக் குறையா என்று குயவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லட்டும். ஆறு அமர்வுகளிலும் பிள்ளைகள் மிகக் கூர்மையாகக் கேட்பது இந்த அரைமணி நேரத்தைத்தான்.

மதிப்பீடும் காட்சியும்

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் பொருளுக்குப் போடாதீர்கள். பிள்ளை எழுதிய ஒரு பக்கக் குறிப்புக்குப் போடுங்கள்: என்ன செய்ய நினைத்தாய், மண் எங்கே ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த முறை எதை மாற்றுவாய். குயவரிடமும் கருத்துக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்கள் உங்கள் பட்டியலோடு ஒத்துப்போகாது. வகுப்பில் வாய் திறக்காத ஒருத்தியின் கையை அவர் பார்த்து வைத்திருப்பார்.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல மேடை. ஆனால் இந்த அமர்வுகளைப் போட்டிக்கான ஒத்திகையாக மாற்றும் நெருக்கடி மேலிருந்து வரும். தேறிய இருவரை மட்டும் தனியே எடுத்துப் பயிற்சி கொடுக்கும் நாளில் மீதி முப்பத்தெட்டுப் பேரின் வகுப்பு முடிந்துவிடும். போட்டிப் பயிற்சியை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் காட்சி வைக்கும்போது குயவரின் பெயர் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கட்டும், 'நன்றி' என்ற தலைப்பின் கீழ் அல்ல. அவர் வீட்டாரையும் அழையுங்கள். அவர் செய்த பொருட்களை வாசலில் விற்க ஒரு மேசை போட்டுக்கொடுங்கள், பெற்றோர் வாங்குவார்கள். பிள்ளைகள் செய்ததை விற்க வேண்டாம், வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

மண் அல்லாத கலைகள்

அடிப்படை முறை ஒன்றுதான், அமர்வுகள் மட்டும் மாறும். பனையோலை முடைதல் தொடங்குவதற்கு மிக எளிது. ஓர் அமர்விலேயே கையில் ஒரு பொருள் இருக்கும். ஓலையைக் கத்தியால் வகிர்வதைப் பெரியவர்கள் முன்பே முடித்து வையுங்கள். பத்தமடைப் பாய் அப்படியல்ல. நுண்ணிய கோரைப் பாய்க்குத் தறியும் மாதக்கணக்கில் பழகிய கையும் வேண்டும். பள்ளியில் கோரையைப் பிளந்து, சாயம் ஏற்றி, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று நெய்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை அறிவியல் ஆசிரியருக்கு விருந்து: அடியில் கனம் ஏற ஏற எப்போது எழுந்து நிற்கிறது என்று காகிதக்கூழில் செய்து பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

மாமல்லபுரத்துக் கல் வேலையைப் பார்க்க அழைத்துப் போங்கள், பிள்ளை கையில் உளி கொடுக்காதீர்கள். கல்தூசியும் தெறிக்கும் சில்லும் விளையாட்டல்ல. மென்மையான மாக்கல்லில் அரம் கொண்டு இழைப்பதுகூடக் கண்ணாடியும் முகக்கவசமும் இருந்தால் மட்டுமே. சுவாமிமலை வெண்கலமும் அப்படித்தான். உருக்கிய உலோகத்துக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கு இடமில்லை. ஆனால் அந்தச் சிலை முதலில் தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் கலந்த மெழுகில்தான் பிறக்கிறது. அந்த மெழுகில் ஒரு கையையோ காலையோ வடிப்பதும், அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவதும் ஏழாம் வகுப்புப் பிள்ளையால் முடிந்த வேலை. ஸ்தபதியிடம் அதுவரைக்கும் மட்டும் கேளுங்கள், இரண்டு அமர்வு போதும். வார்ப்பதை அவர் பட்டறையில் தொலைவில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.